ஒய் தட்டுனா என்டர் எதுக்கு?

அத்தியாயம் 4

லைட்ட போடாத. நைனா இப்பதான் கண்ணசந்தாரு. மெதுவா சொல்றேன், கிட்ட வா.

எனக்கு பயம் வந்தா வாய் நிக்காது. ஒருத்தருக்கு கை நடுங்கும், ஒருத்தருக்கு வயித்த கலக்கும், எனக்கு கிண்டலா வரும். அந்த ஒரு தகுதிக்குத்தான் சரோஜா மேடம் என்னை அசிஸ்டென்டா சேத்துக்கினாங்க. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல, லாட்ஜுக்கு மேல மாடியில அவங்க ரூம். முன்பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பின்பக்கம் சரோஜா துப்பறியும் நிலையம். முன்னாடி போலீஸ்ல இருந்தாங்க. பெரிய எடத்து பையன் ஒருத்தன் பேர கேஸ்லருந்து எடுக்க சொன்னாங்களாம், இவங்க தன் பேர டிபார்ட்மென்ட்லருந்து எடுத்துக்கினு வந்துட்டாங்க. நான் டைப்ரைட்டிங் கத்துக்க போனவ. பின்பக்கம் போய் ஒட்டிக்கினேன்.

அதுவரைக்கும் நாங்க பாத்ததெல்லாம் மாப்ள வூட்ட விசாரிக்கிற கேசுங்கதான். பையன் குடிப்பானா, படப்பையில மனை இருக்குதுன்னு சொன்னது மெய்யா, இந்த மாரி. தொண்ணூத்தொண்ணு தை மாசம், பொங்கல் கரும்பு சக்க கூட தெருவுல காயல, மொத தடவயா கேசு எங்க வூட்டுக்குள்ளயே வந்து குந்திக்கிச்சு.

எங்க அக்கா எழிலரசி தெரியுமில்ல. ஒரகடம் ரோட்டுல சுடரொளி பேட்டரி கம்பெனி, அதுல கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நைனாவும் அங்கதான், ப்ளேட் செக்‌ஷன். பேட்டரி உள்ள வெக்கிற ஈயத்தகடு அங்க செய்வாங்க. ஈயத்தூசு மூச்சுல போயி ரத்தத்துல சேரும்னு, அப்பப்ப எல்லாருக்கும் ரத்தம் எடுத்து கம்பெனி டாக்டர் ரூம்லயே டெஸ்ட் பண்ணுவாங்க. எவ்ளோ ஈயம்னு ஒரு நம்பர் சீட்டுல வரும். அந்த நம்பர கம்ப்யூட்டர்ல ஏத்துறது அக்கா வேல. ஏத்துனதும் சீட்ட கிழிச்சுடணும். பேப்பரே இல்லாத ஆபீசுன்னு அவங்களுக்கு பெரும.

அந்த ஃபைல்தான் காலியா போயிடுச்சு. அக்கா தெனம் சாயங்காலம் எடுத்து வெக்கிற நகலும் காலி. அத பாக்கறதுக்குன்னே மெட்ராஸ்லருந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவரு போலீஸ் இல்ல, தொழிற்சாலைங்கள சோதன போடுற ஆபீசர். கம்பெனி அக்காவ புடிச்சுக்கிச்சு. நீதான் அழிச்ச, 'நான்தான் அழிச்சேன்'னு எழுதி கையெழுத்து போட்டா வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு போலாம், இல்லாங்காட்டி போலீஸ்ல புகார் குடுப்போம். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள முடிவ சொல்லணும்.

அவரு வர்ற அன்னிக்கு காலங்காத்தால மேடம் மொபட்டுல எங்க வூட்டுக்கு வந்தாங்க. அக்காவ அதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு வர சொல்லிட்டாங்க. நைனா மட்டும் ஷிஃப்டுக்கு கெளம்பிக்கினு டீ குடிச்சாரு. ரெண்டு கையாலயும் டம்ளர ஏந்திக்கினு.

"எங்க நைனா டீய தீர்த்தம் மாரி குடிப்பாரு மேடம், மிச்சத்த தலையில தெளிச்சுக்குவாரு"ன்னேன்.

நைனா சிரிச்சாரு. மேடம் சிரிக்கல. டம்ளரையே பாத்துக்கினு இருந்தாங்க. அப்பாலிக்கா வண்டிய எடுத்துட்டாங்க.

எழிலரசி வூட்டு ஆளுங்கன்னு சொல்லி உள்ள போனோம். கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல செருப்ப கழட்ட சொன்னாங்க. உள்ள ஏசி. பெருமாள் கோயில்ல கூட இவ்ளோ குளிரு இல்லியே, சடாரி எப்ப வெப்பாங்கன்னு மேடம் காதுல கேட்டேன். கையில கிள்ளுனாங்க.

ஆளெடுக்கிற, ஆள அனுப்புற பர்சனல் மேனேஜர் வெங்கடேசன் குரல் உசத்தாத ஆளு. கத்துறவன பாத்தா எனக்கு பயமில்ல. இந்த மாரி அமைதியா பேசுறவன பாத்தாதான் உள்ள ஐஸ் வெச்ச மாரி இருக்கும். சேர் போட சொன்னாரு, எங்க நைனா நல்ல தொழிலாளின்னாரு, எழிலரசிய சொந்த பொண்ணு மாரி நெனச்சேன்னாரு. மூலையில ஹேமந்துன்னு ஒருத்தரு நின்னுக்கினு இருந்தாரு. அந்த கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுறவரு, சின்ன வயசுதான். அழுக்கே இல்லாத மூக்குக்கண்ணாடிய தொடச்சுக்கினே இருந்தாரு.

மேடம் கேட்டது ஒண்ணுதான். தெரியாம கை பட்டு அழிஞ்சிருக்கலாம் இல்லியா?

அதுக்குத்தான் காத்துக்கினு இருந்தவரு மாரி மேனேஜர் மெஷின் முன்னால போயி குனிஞ்சாரு. சாயங்காலம் அக்கா செய்யிற வேலைய அவரே செஞ்சு காட்டுனாரு. வெறும் டெஸ்ட் ஃபைல்தான், பயப்படாதீங்கன்னாரு. கருப்பு ஸ்கிரீன்ல பச்ச எழுத்துல ஒரு வரி வந்து நின்னுச்சு.

"படிங்க மேடம். ஏற்கனவே இந்த பேர்ல ஃபைல் இருக்கு, அதுமேல எழுதிடவான்னு கேக்குது. இது நாங்க வெச்ச கேள்வி இல்ல. டிபேஸ்னு இந்த சாஃப்ட்வேர், அதுக்கு கூடவே பொறந்த எச்சரிக்க. யாரு உக்காந்தாலும் கேக்கும்."

பேனா புடிச்ச கையாலயே ஒத்த விரல்ல ஒய் தட்டுனாரு. தட்டுனதுதான், ஸ்கிரீன் தாவிடுச்சு.

"அவ்வளவுதான். ஒரு எழுத்து. மெஷின் எச்சரிச்சுது, எச்சரிச்ச பிறகும் உங்க பொண்ணு ஒய் தட்டிச்சு. இதுல தெரியாம எங்க வருது?"

 அவரு சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. ஹேமந்த் கண்ணாடிய மாட்டிக்கினு மறுபடியும் கழட்டுனாரு. அந்த கண்ணாடிக்கு வாய் இருந்தா வலிக்குதுன்னு கத்தியிருக்கும்.

கம்பெனி கேட்டு பக்கத்துல, வந்து போற நேரம் குறிக்கிற டைம் ஆபீஸ் ரூம்ல அக்கா உக்காந்துக்கினு இருந்தா. அங்க போற வழியில கேன்டீன். காலையில மொத டீ. நீல சட்ட போட்டவங்க ஒரு பெஞ்சு ஃபுல்லா உக்காந்து, எல்லாரும் ரெண்டு கையால டம்ளர புடிச்சுக்கினு குடிச்சாங்க. "இன்னா மேடம், கம்பெனியே பக்தி மார்க்கத்துல போவுது"ன்னேன். மேடம் ஒரு நிமிஷம் நின்னு பாத்தாங்க. நீல சட்ட யாருன்னு வாட்ச்மேன கேட்டாங்க. ப்ளேட் செக்‌ஷன்னாரு. மேடம் தலைய ஆட்டிட்டு நடந்தாங்க. எனக்கு அப்ப ஒண்ணும் தோணல.

அக்கா முகம் வீங்கி கெடந்துச்சு. எதிர்ல ஒரு காயிதம், அதுமேல மூடி கழட்டுன பேனா. ஏற்கனவே யாரோ டைப் அடிச்சு வெச்ச வாக்குமூலம், இவ கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. அன்னிக்கும் எப்பவும் போலத்தான் செஞ்சேன், மெஷின் கேட்டுச்சு, ஒய் போட்டேன்னு சொன்னதையே சொல்லிக்கினு இருந்தா.

இன்னா கேட்டுச்சுன்னு மேடம் கேட்டாங்க.

"அத யாரு மேடம் படிக்கிறா? கண்ணு சீட்டுலயே இருக்கும். காது மட்டும் மெஷின் மேல. கீன்னு கத்துனா நிமுந்து பாப்பேன். கத்தலன்னா விரலு பாட்டுக்கு போயிக்கினே இருக்கும்."

"எப்ப கத்தும்?"

"ஈயம் அதிகமா இருக்கிற நம்பர ஏத்துனா."

"உங்க நைனாவுக்கு கத்துச்சா?"

"இல்ல." கேட்டு முடிக்கறதுக்குள்ளயே சொல்லிட்டா. மேடம் அத காதுல வாங்காத மாரி காட்டிக்கினாங்க.

அப்பதான் அவங்க அந்த காரியத்த செஞ்சாங்க. டேபிள் மேல இருந்த காயிதத்தையும் பேனாவையும் ஓரமா தள்ளிட்டு, இது கீபோர்டு, கண்ண மூடு, அன்னிக்கு சாயங்காலம் செஞ்ச வேலய கடைசி வரைக்கும் செஞ்சு காட்டுன்னாங்க. யோசிக்காத, நான் பேசிக்கினே இருப்பேன், விரல மட்டும் வுடு. பேசுனாங்க, இன்ஸ்டிட்யூட்ல ஒரு பையன் மெஷின் ரிப்பன முழுங்கப் பாத்த கதையெல்லாம். அக்கா வெறும் டேபிள் மேல தட்டுனா. கடைசில வலது ஆள்காட்டி விரல் மேல ஏறி ஒண்ணு தட்டுச்சு. உடனே அதே கையில சுண்டுவிரல் பக்கவாட்டுல நீண்டு இன்னொண்ணு தட்டுச்சு.

மேடம் மறுபடியும் செய்ய சொன்னாங்க. அதே மாரி. ஆள்காட்டி விரல், சுண்டுவிரல்.

"நிலா. சுண்டுவிரல் எங்க போச்சு?"

நானும் டைப்ரைட்டிங் படிச்சவதான, கம்ப்யூட்டர் கீபோர்டையும் ரெண்டு தடவ பாத்திருக்கேன். என்டர் அங்கதான் இருக்கும்.

"மேனேஜர் சார் ஒய் தட்டுனாரு, ஸ்கிரீன் தாவிடுச்சு. உங்க அக்கா ஒய் தட்டி என்டரும் தட்டுறா. ஒய் தட்டுனா போதுங்கிற எடத்துல என்டர் எதுக்கு?"

அக்காவுக்கே தெரியல. தீபாவளிலருந்து அப்படித்தான் தட்டுறேன், ஒய் மட்டும் தட்டுனா மெஷின் நின்னுக்கினே இருக்கும்னா. சொல்லிட்டு தன் கைய தானே பாத்தா, யாரோ வூட்டு கை மாரி.

அக்காவையும் கூட்டிக்கினு கம்ப்யூட்டர் ரூமுக்கு திரும்பி போனப்ப மேனேஜர் அங்க இல்ல. இன்ஸ்பெக்டர் கார் வந்துடுச்சுன்னு மாலை வாங்கிக்கினு ஓடிட்டாரு. ஹேமந்த் மட்டும் இருந்தாரு. கடைசியா ஒரு தடவ பொண்ணே செஞ்சு காட்டட்டும் தம்பி, அவ மனசு ஆறும்னு மேடம் கெஞ்சுற மாரி பேசுனாங்க. கெஞ்சினா மேடம் ஏதோ வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அது எனக்கு தெரியும், பாவம் ஹேமந்துக்கு தெரியாது.

அக்கா உக்காந்தா. டெஸ்ட் ஃபைல்தான். மேடம் பழையபடி கத பேச ஆரம்பிச்சாங்க. பச்ச கேள்வி வந்துச்சு. அக்கா ஒய் தட்டுனா, ஸ்கிரீன் தாவிடுச்சு, ஆனா சுண்டுவிரல் நிக்கல. என்டர் மேல விழுந்துச்சு. தேவயில்லாத அந்த ஒரு தட்டுல மெனு எங்கயோ போயி முட்டிக்கினு மெஷின் கீன்னு கத்துச்சு.

ஹேமந்த் அந்த சத்தத்துக்கு அடி வாங்குன மாரி ஒதுங்குனாரு.

"தம்பி," மேடம் சேர இழுத்து அவரு எதிர்ல போட்டுக்கினாங்க. "மெஷினோட பழைய கேள்விய திருப்பி வெச்சிட்டீங்க. இவ விரல திருப்பி வெக்க மறந்துட்டீங்க. மூணு மாசமா இவளுக்கு வேற ஏதோ கேள்வி வந்திருக்கு. என்டர் தட்டுனாதான் நகர்ற கேள்வி. அது இன்னா?"

சத்தம் போடாம அழற ஆம்பளய நான் அன்னிக்குத்தான் பாத்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மெஷின் தானா கேக்குற எச்சரிக்கைய வாய மூட வெக்க ஒரே ஒரு வரி போதுமாம். சேஃப்டி ஆஃப்னு எழுதுனா முடிஞ்சுது, எத அழிச்சாலும் கேக்காது. தீபாவளி முடிஞ்சதும் மேனேஜர் அத போட சொன்னாராம். அந்த எடத்துல ஹேமந்த் சொந்தமா ஒரு கேள்வி வெச்சாரு. இன்னிக்கு வேல முடிஞ்சுதா, ஆமான்னா ஒய், இல்லன்னா என். அவரு எழுதுன கேள்விக்கு என்டர் தட்டணும். மூணு மாசம் ஒழுங்கா நகல் எடுத்துச்சு, அக்கா விரலும் பழகிடுச்சு. இன்ஸ்பெக்டர் வர்ற சேதி வந்ததும், அதே கேள்விக்கு பின்னால, அசலுக்கும் நகலுக்கும் மேல காலி ஃபைல எழுதுற மாரி வெச்சாங்க. வேல முடிஞ்சுதான்னு கேட்டுச்சு, எங்க அக்கா ஆமான்னா. எல்லாம் அழிஞ்சுது. அன்னிக்கே ஹேமந்த் தன் கேள்விய எடுத்துட்டு மெஷினோட கேள்விய தொறந்து வுட்டுட்டாரு, நாங்க வந்து பாத்து வாயடைச்சு போறதுக்கு.

"செவுரு ஃபுல்லா சேஃப்டி ஃபர்ஸ்ட்னு எழுதி வெச்சுக்கினு உள்ள சேஃப்டி ஆஃப்பா"ன்னு கேட்டேன். யாரும் சிரிக்கல. எனக்கு ஆனா பறக்கிற மாரி இருந்துச்சு. அக்கா தப்பிச்சா. இதையே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க சார்னு ஹேமந்த் கைய புடிக்காத குறையா கேட்டேன்.

அவரு அக்காவ பாத்தாரு.

"சொல்லட்டுமா எழிலரசி? சொன்னா முழுசா சொல்லணும். எச்சரிக்கய நிறுத்துங்கன்னு எங்கிட்ட மொத மொதல்ல கேட்டது மேனேஜர் இல்ல."

அக்கா தலைய குனிஞ்சுக்கினா. 

அவதான் கேட்டிருக்கா. தீபாவளிக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல நைனா நம்பர ஏத்துனதும் மெஷின் கத்தியிருக்கு. அதுக்கு முன்னாடி யார் யாருக்கு கத்துச்சோ அவங்கள்லாம் ஆபீசுக்கு போயி பையோட வெளிய வந்தத பாத்தவ அவ. நைனா டோக்கன் நம்பருக்கு மட்டும் கத்தாம பண்ண முடியுமான்னு ஹேமந்துகிட்ட அழுதிருக்கா. பரிதாபப்பட்டு அவரும் பண்ணிட்டாரு. அது மேனேஜர் காதுக்கு போச்சு. அவரு திட்டலியாம். ஒரு எச்சரிக்கைய மூடுன கை இன்னொண்ண மூடாதான்னு மட்டும் கேட்டாராம். அதுக்கப்புறம் ஹேமந்த் அவரு சொன்னதெல்லாம் செஞ்சாரு.

"நைனாக்கு கத்தலன்னு சொன்னியே"ன்னேன்.

"கத்த வுடலடி." அக்கா நிமுந்தா. "வூட்டுல ஒருத்தருக்காவது வேல இருக்கணும்னு பாத்தேன். ஸ்கிரீன்ல இன்னா போடும் தெரியுமா? அளவு மீறிப்போச்சு, இந்த ஆள செக்‌ஷன்லருந்து எடு. அவ்ளோதான். ஒரே வரி. எடுத்துட்டு இன்னா பண்ணணும்னு போடாது. வூட்டுக்கு அனுப்புவாங்க, வேற இன்னா."

ஹேமந்த் எதையோ முழுங்குனாரு. மேடம் அத பாத்துட்டாங்க.

"ஒரே வரியா தம்பி?"

கண்ணாடிய கழட்டி டேபிள் மேல வெச்சுட்டு சொன்னாரு. அந்த எச்சரிக்கைய எழுதி குடுத்தது பழைய கம்பெனி டாக்டராம், வேலைய வுட்டுட்டு போயிட்டாரே அவரு. ரெண்டு வரி எழுதி குடுத்தாரு. மொத வரி அக்கா சொன்னது. ரெண்டாவது வரி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, குணமாவுற வரைக்கும் முழு சம்பளம். டாக்டர் போனதும் மேனேஜர் ரெண்டாவது வரிய எடுக்க சொன்னாரு. மெசேஜ் நீளமா இருக்கு, ஆபரேட்டருக்கு தொந்தரவுன்னு காரணம் சொன்னாராம்.

நான் அக்காவ பாக்கல. பாக்க தைரியமில்ல. அவ மறைச்சது நைனாவ வெளிய தள்ளுற வரின்னு நெனச்சா. அந்த வரிக்கு கீழ ஒரு ஆஸ்பத்திரி இருந்தது அவளுக்கு எப்படி தெரியும்? இவ பாக்கறதுக்கு முன்னாலயே அத வெட்டிட்டாங்க.

"இப்ப சாட்சி சொல்லுவீங்களா தம்பி?"

மாட்டேன்னு தலைய ஆட்டுனாரு. மெட்ராஸ்ல அவருக்கும் ஒரு குடும்பம் இருந்துச்சு. வெளிய வந்து, வராண்டாவுல மேடம் சொன்னது இன்னும் எனக்கு காதுல கேக்குது. ஃபைல் இல்ல, சீட்டு இல்ல, அந்த பையன் பேச மாட்டான். விரல்தான் சாட்சின்னு சொன்னா மேனேஜர் சிரிப்பாரு.

"ஆனா அவங்களால அழிக்க முடியாத எடத்துல ஒண்ணு இருக்கு. காலையிலயே பாத்தேன், புரிய நேரமாச்சு. நீ தீர்த்தம்னு சிரிச்சியே, அது. ஈயம் ஏறி மணிக்கட்டுல பலம் போயிருக்கு நிலா. உங்க நைனாவ இன்ஸ்பெக்டர் முன்னால நிறுத்துனா உங்க அக்கா தப்பிப்பா. நைனா வேல போவும். கூட்டியாறதும் வுடுறதும் உங்க ரெண்டு பேர் இஷ்டம், நான் சொல்ல மாட்டேன்."

அக்கா வேணாம்னுட்டா. நைனாகிட்ட போனியா, அப்புறம் உன் மொகத்துலயே முழிக்க மாட்டேன்னா. நான் கையெழுத்து போட்டு வேலைய வுடுறேன், ஜெயிலுன்னாலும் போறேன், அந்தாள வுட்டுடு. சொல்லிட்டு டைம் ஆபீஸ் பக்கம் நடந்தா. பேனா அங்க மூடி தொறந்தே கெடந்துச்சு.

நான் எதிர்ப்பக்கம் ஓடுனேன்.

ப்ளேட் செக்‌ஷன் வாசல்ல நின்னா நாக்குல இனிப்பா ஒரு ருசி தட்டும், இரும்ப நக்குன மாரி. உள்ள மூக்குல துணி கட்டிக்கினு எல்லாரும் சாம்பல் பூசுன மாரி இருந்தாங்க. நைனா என்ன பாத்துட்டு வேகமா வந்தாரு, யாரு செத்தாங்கன்னு கேக்கற மொகத்தோட. எனக்கு எப்பவும் வர்ற கிண்டலு வரல.  எல்லாத்தையும் கொட்டுனேன். அக்கா மறைச்சத, ரெண்டாவது வரிய, மணிக்கட்ட.

அவரு கோச்சுக்கல. கைய திருப்பி திருப்பி பாத்தாரு.

"வெயிலுன்னு நெனச்சேன்டா. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்." அப்புறம், "எழிலு தீபாவளிலருந்து ராத்திரியில சோறு சரியா துன்றதில்ல. அதுக்கா?"

கொழா தண்ணியில மொகம் கழுவிக்கினு என்கூட நடந்தாரு.

மேனேஜர் ரூம்ல மாலை டேபிள் மேல கெடந்துச்சு. இன்ஸ்பெக்டர் ஒல்லியா, வயசானவரா, தூங்கி வழியிற கண்ணோட இருந்தாரு. ஆபரேட்டர் தவறுதலா அழிச்சுட்டாங்க சார், மனிதத் தவறு, அவங்களே எழுதி குடுக்கறாங்கன்னு மேனேஜர் சொல்லிக்கினு இருந்தாரு. அக்கா டைம் ஆபீஸ்லருந்து கொண்டாந்த காயிதத்துல பேனா முனைய வெச்சுட்டா. சரோஜா மேடம் செவுத்து ஓரமா நின்னு வாசலையே பாத்துக்கினு இருந்தாங்க. நாங்க உள்ள நொழஞ்சத பாத்ததும் மேடம் கண்ண மூடிக்கினாங்க.

நைனா இன்ஸ்பெக்டர பாத்து கும்பிட கைய தூக்குனாரு. முழங்கை வந்துச்சு. மணிக்கட்டு வரல. ரெண்டு கையும் தண்ணி இல்லாத செடி மாரி தொங்குச்சு. எப்படியோ ஒண்ணோட ஒண்ண முட்டுக்குடுத்து சேத்து வெச்சுக்கினாரு.

"எம் பொண்ணு எதையும் அழிக்கல சார். அழிச்ச கணக்குல நான் இருந்தேன். இந்தா நிக்கிறேன், பாத்துக்கங்க."

அந்த தூங்குற கண்ணு முழிச்சுக்கிச்சு. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து நைனா கைய தன் கையில வாங்கி மேல மடக்குனாரு. வுட்டாரு. விழுந்துச்சு. மறுபடியும் மடக்குனாரு. இந்த மாரி கைய அவரு எங்கயோ முன்னாடியே பாத்திருக்கணும், யாரையும் எதுவும் கேக்கல. மேனேஜர் மட்டும், அது வாதமா இருக்கலாம் சார், ஃபேமிலி ஹிஸ்டரின்னு ஆரம்பிச்சாரு.

"உனக்கு மட்டும்தானாப்பா?"ன்னு இன்ஸ்பெக்டர் நைனாவ கேட்டாரு.

"கணக்கு எனக்கு தெரியாது சார். எங்க செக்‌ஷன்ல ஒத்த கையில டம்ளர புடிக்கிற ஆளு இப்ப யாரும் இல்ல."

வெளிய டீ பெல் அடிச்சுது. டீ இங்கயே வரும் சார், ஸ்பெஷலா சொல்லியிருக்கேன்னு மேனேஜர் எழுந்தாரு.

"கேன்டீன்லயே குடிக்கிறேன்"னாரு இன்ஸ்பெக்டர். அக்கா கையிலருந்த பேனாவ வாங்கி, மூடிய தேடி எடுத்து மூடி, அவ எதிர்லயே வெச்சாரு. "அது இப்ப வேணாம்மா."

வாசல தாண்டும்போது மேனேஜர் நைனா பக்கத்துல வந்து, அதே அமைதியான குரல்ல, நாளைலருந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிக்க வேணாம் சுப்பான்னாரு. தெரியும் சார்ன்னாரு நைனா. கம்ப்யூட்டர் ரூம் கண்ணாடிக் கதவுக்கு உள்ளருந்து ஹேமந்த் பாத்துக்கினு இருந்தாரு. செருப்பு போடாத காலோட அப்படியே நின்னாரு, வெளிய வரல.

கேன்டீன்ல நீல சட்டக்காரங்க வரிசையா உக்காந்தாங்க. டீ ஊத்துனாங்க. ஒவ்வொருத்தரா ரெண்டு கையால டம்ளர அணைச்சு, தலைய கீழ கொண்டுபோயி, உறிஞ்சுனாங்க. இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். யாரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கல. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்ததால யாருக்கும் வித்தியாசமா தெரியல.

அக்கா எத்தினி தடவ அவங்க நம்பர்ங்கள ஏத்தியிருப்பா. சீட்ட வுட்டு நிமுந்து ஆளுங்கள பாக்கறது அன்னிக்குத்தான். எம் பக்கத்துல நின்னுக்கினு இருந்தா, அவ விரல் பொடவ மேல தட்டிக்கினே இருந்துச்சு. ஆள்காட்டி விரல், சுண்டுவிரல். ஆள்காட்டி விரல், சுண்டுவிரல். நான் அந்த கைய கெட்டியா புடிச்சுக்கினேன்.

நைனா கடைசி பெஞ்சுல போயி உக்காந்தாரு. இன்ஸ்பெக்டருக்கு ஒருத்தர் டீ கொண்டாந்து குடுத்தாரு. ஒத்த கையில வாங்கி வாய்கிட்ட வரைக்கும் கொண்டுபோனவரு, எதிர்ல இருந்த பெஞ்ச பாத்துட்டு, குடிக்காம டம்ளர கீழ வெச்சுட்டாரு.